தண்ணீர் மேல் போட்ட பழி

தண்ணீர் குடிப்பதில்லை என்பதுதான் என் கணவர் மேல் ஊரே வைத்த குற்றச்சாட்டு. ஊர் என்றால் பிளானோவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள். சனிக்கிழமை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துக்கு யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றி உள்ளே நுழைவதற்குள் யாராவது ஒருவர் அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்துவிடுவார். "டெக்சாஸ் ஹீட்டுக்கு நல்லா ஹைட்ரேட் பண்ணணும் ப்ரோ. நீங்க ஏசியிலயே உட்கார்ந்துட்டு மறந்துடறீங்க." பிறகு என் பக்கம் திரும்புவார்கள். "நீங்கதான் கொஞ்சம் பார்த்துக்கணும் சிஸ்டர்." அவர் குடிக்காத தண்ணீருக்கும் பொறுப்பு நான்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

மனிதர் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். காரில் ஒன்று, ஆபீஸில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று என்று பெரிய பெரிய பாட்டில்கள். அப்படியும் சிறுநீரகத்தில் கல் வந்தது. கரைத்தார்கள், உடைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வந்தது. ஒருமுறை டோல்வே நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலி வந்து, ஓரங்கட்டி, புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு எனக்கு போன் செய்தார். டெக்சாஸ் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது, வேலை டென்ஷன், வெயில், தண்ணீர் சேரவில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

பிறகு ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்று தெரிந்தது. ரத்த அழுத்தம், பல வருடத்துக் கற்கள், அவை விட்டுப்போன தழும்புகள் என்று காரணம் சொன்னார்கள். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது என்றார்கள். என்னுடையது பொருந்தியது. தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வேண்டும்.

விருதுநகரில் இருக்கும் மாமியார் மட்டும் வைத்தியத்தை விடவில்லை. வாரம் தவறாமல் வீடியோ காலில் வாழைத்தண்டு. "அங்க கிடைக்காதுன்னு சொல்லாத. எல்லாம் கிடைக்குதுன்னுதான் சொல்றாங்க." கிடைத்தது. ஸ்ட்ரிப் மால் கடைவரிசையில் இருக்கும் இந்தியக் கடையில், ஐஸ் கட்டிப் போய், வெட்டின விறகு மாதிரி. அதை இளக்கி, அரைத்து, வடிகட்டிக் கொடுத்தேன். தக்காளியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கீரையை நிறுத்தச் சொன்னார், அதையும் நிறுத்தினேன். அப்போதும், "சொந்தத்துல எடுத்திருந்தா அவனுக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கும். அந்நியத்துல எடுத்துட்டோம்," என்று பெருமூச்சு விடுவார். அந்த அந்நியம் நான்தான். அவர் கட்டிக்கொண்டது தன் சொந்தத் தாய்மாமனை. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

எனக்குப் படிப்பு உயிர்வேதியியல். சென்னையில் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தோடு டிபெண்டன்ட் விசாவில் வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல், வருடக்கணக்கில் இந்த வீட்டுச் சமையலறையில் நின்றேன். இப்போது ஒரு கம்யூனிட்டி காலேஜில் உயிரியல் நடத்துகிறேன். நர்சிங் சேர வருகிற பிள்ளைகள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் செல்லுக்குள் புரதம் எப்படி உருவாகி, மடிந்து, தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்று பலகையில் வரைந்து காட்டுவேன்.

புரதம் பிறக்கும்போது வெறும் சங்கிலி. அப்படியே இருந்தால் ஒரு வேலைக்கும் ஆகாது. சரியான வடிவத்தில் மடிந்தால்தான் அது வேலை செய்யும். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பை மடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். மடிக்கக் கைகொடுப்பதற்கென்றே செல்லுக்குள் வேறு புரதங்கள் இருக்கின்றன. மடிந்தால் மட்டும் போதாது. செல்லுக்குள் பல அறைகள் உண்டு, ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு அறை. எந்த அறை என்பது சங்கிலியின் ஒரு முனையிலேயே சிறிய முகவரியாக எழுதப்பட்டிருக்கும். வாசலில் அதைப் படித்துத்தான் உள்ளே விடுவார்கள். வாசலுக்கு வாசல் சட்டம் வேறு. மைட்டோகாண்ட்ரியா என்ற பெரிய அறையின் வாசல் குறுகலானது, இன்னும் மடியாத சங்கிலியை மட்டுமே உள்ளே இழுத்துக்கொள்ளும். பெராக்ஸிசோம் என்ற சின்ன அறை அப்படியல்ல, மடிந்து முடிந்த புரதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இந்த இடம் வரும்போது பாதிப் பேர் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கோ இதைவிடச் சுவாரசியமான விஷயம் உலகத்தில் கிடையாது.

டாலஸில் மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையில் முதல் நாள். எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு பெண் டாக்டர் குடும்ப வரலாறு கேட்டார். வேறு யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா?

"நோ," என்றார் என் கணவர்.

உடன்பிறந்தவர்கள்?

"ஒன் பிரதர். ஹீ பாஸ்ட் அவே. ஹார்ட் அட்டாக்."

சிறு வயதில் உங்களுக்குக் கல் வந்ததுண்டா? இல்லை. உங்கள் பெற்றோர் திருமணத்துக்கு முன்பே ரத்த உறவா? "நோ, நோ," என்றார், டாக்டர் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "எதுக்குங்க பொய் சொன்னீங்க? அத்தையும் மாமாவும் சொந்தம்தானே?"

"அப்பா தன் அக்கா பொண்ணைக் கட்டினாருன்னு அமெரிக்கன்ஸ்கிட்ட சொன்னா எப்படிப் பார்ப்பாங்க தெரியுமா? நம்மளக் காட்டுமிராண்டின்னு நினைப்பாங்க. அதுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?"

வெட்கப்படுகிறார், விட்டுவிடுவோம் என்று அப்போது இருந்துவிட்டேன். அவருடைய அண்ணன் மாரடைப்பில் போனார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்தவர். பெண் பார்க்க வந்தபோதே, "பெரியவன் நெஞ்சு வலியில போயிட்டான், திடீர்னு," என்று மாமியார் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அறுவைக்கு நாள் குறிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் மாமியார் வீடியோவில் வந்தார். நான் அடுப்படியில், என் கணவர் சாப்பாட்டு மேசையில், மகள் எதிரே பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாழைத்தண்டு அரைத்தாயா என்று வழக்கம்போல மாமியார் ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தை, இவ்வளவு நாளா அரைச்சுக் குடுத்து என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆகலன்னு எப்படிச் சொல்ற? ரெண்டு பயலுக்கும் பள்ளிக்கூடம் போற வயசுலயே கல்லு. ரெண்டு பேருக்கும் இதத்தான அரச்சு அரச்சு ஊத்தினேன்? பெரியவன் டயாலிசிஸ்க்குப் போறப்பகூட பாட்டில்ல ஊத்திக் கையில குடுத்துவிட்டேன். அதனாலதான் அவன் அத்தன நாள் தாங்குனான்."

என் கணவர் பாய்ந்து போனைப் பிடுங்கினார். "அம்மா, சிக்னல் சரியில்ல, கட் ஆகுது, கட் ஆகுது," என்று சொல்லி அவரே கட் பண்ணினார். எங்கள் வீட்டில் சிக்னல் என்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

"டயாலிசிஸா?" என்றேன்.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உங்கண்ணன் கிட்னி போயா செத்தாரு? டாக்டர்கிட்ட ஹார்ட் அட்டாக்னு சொன்னீங்களே?"

"கடைசியில ஹார்ட்தான் நின்னுச்சு," என்றார். இன்றுவரைக்கும் அந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாருக்குத்தான் கடைசியில் இதயம் நிற்கவில்லை?

மகள் ஸ்பூனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, டிட் யூ லை டு த டாக்டர்?" அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும், பேச்சு மட்டும்தான் வராது.

"நீ உன் ரூமுக்குப் போ," என்றார்.

அவள் போகவில்லை. நான் கத்தினேன். நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. சின்னப் பிள்ளையிலிருந்தே அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கல். அண்ணனுக்கு முதலில் சிறுநீரகம் போனது. அந்த நேரம் பார்த்து இவர்களுடைய தங்கைக்கு வரன் வந்திருந்தது. பரம்பரையாகக் கிட்னி வியாதி உள்ள குடும்பம் என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள் என்று மூடி மறைத்தார்கள். அண்ணன் இறந்ததும் வெளியாரிடம் மாரடைப்பு என்று சொன்னார்கள். தங்கை கல்யாணம் முடிந்தது, அடுத்து எங்கள் கல்யாணம். என் வீட்டிலும் மாரடைப்பு என்றார்கள்.

"அப்புறம் சொல்லிருக்கலாமே. இத்தன வருஷம் என்கூடத்தானே இருக்கீங்க."

"அப்படியே பழகிடுச்சு. யாரு கேட்டாலும் அதான் வாயில வருது."

டாக்டர் கேட்டபோதும் அதுதான் வாயில் வந்திருக்கிறது. பெண் பார்க்க வந்து கூடத்தில் சொன்ன பொய், தன் உயிரைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கும் டாக்டரிடமும் வந்திருக்கிறது.

பலகையில் ஒவ்வொரு பருவமும் நான் வரைகிற படம் அந்தச் சமையலறையில் கண்முன்னால் வந்து நின்றது. பெற்றோர் நெருங்கிய சொந்தம், ஒரே பிழை இருவரிடமும் இருக்கக்கூடும். பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி வயதிலேயே கல். இருவருக்கும் சிறுநீரகம் ஓய்ந்துபோகிறது. இப்படி ஒரு வியாதி உண்டு, என் வகுப்பில் அது ஒரு உதாரணம். கல்லீரலில் ஒரு புரதம் இருக்கிறது. பெராக்ஸிசோம் அறைக்குள் உண்டாகும் ஒரு கழிவுப்பொருளை, அதே அறையில் நின்று, தீங்கில்லாத ஒன்றாக மாற்றுவது அதன் வேலை. சிலருக்கு அந்தப் புரதத்தின் சங்கிலியில் இரண்டு சிறிய பிழைகள் சேர்ந்து வந்துவிடும். ஒரு பிழை தப்பான முகவரி ஒன்றை லேசாக எழுதிவிடுகிறது. அது மட்டும் இருந்தால் மோசமில்லை, புரதம் சட்டென்று மடிந்துவிடும், மடிந்ததை மைட்டோகாண்ட்ரியாவின் குறுகல் வாசல் விடாது. இரண்டாவது பிழை அந்த மடிப்பைத் தாமதப்படுத்துகிறது. தாமதமாகிற அந்த இடைவெளியில் மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இதில் என்னை எப்போதும் உலுக்குவது, அந்தப் புரதம் கெட்டுப்போகவில்லை என்பதுதான். தப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு அது வேலை செய்யத் தயாராகத்தான் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலையோ வேறு அறையில் குவிகிறது. குவிந்தது ஆக்ஸலேட்டாக மாறி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வந்து சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாகிறது. தண்ணீர் நிறையக் குடித்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதைத் தாண்டித் தண்ணீருக்கு இதில் பங்கில்லை. தக்காளிக்கும் டெக்சாஸ் வெயிலுக்கும் என் சமையலுக்கும் இதில் பங்கே இல்லை.

பிழை ஈரலில். ஈரலை அப்படியே விட்டுவிட்டு ஒரு புதுச் சிறுநீரகத்தைக் கொண்டுபோய் வைத்தால், அதையும் கல் தின்றுவிடும். அந்தப் புதுச் சிறுநீரகம் என்னுடையது. என் உடம்பைக் கிழித்து எடுத்து, அவர் உடம்பைக் கிழித்து வைத்து, கொஞ்ச காலத்திலேயே அது கல்லடைத்துச் சாகும். அவரும் போவார். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக.

இதை அவரிடம் சொன்னேன். முதலில் பொறுமையாக, பேப்பரில் படம் போட்டு. "உன் கிளாஸ்ல நடத்தறதெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வராத," என்றார். பிறகு கெஞ்சினேன். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஜீன் டெஸ்ட், அவ்வளவுதான் என்றேன். நண்பர் வட்டத்தில் இருக்கும் டாக்டர் அங்கிளுக்கு போன் போட்டார். என் முன்னால் ஸ்பீக்கரில். "அதெல்லாம் ரொம்ப ரேர்மா. எக்ஸாம்ல மட்டும்தான் வரும். நீ சும்மா நெட்ல படிச்சுப் பயப்படாத," என்றார் அங்கிள். நான் நெட்டில் படித்தவள் இல்லை என்று சொல்லவந்தேன். அதற்குள் அவர் கோல்ஃப் பற்றிப் பேசப் போய்விட்டார். அண்ணன் விஷயத்தை என் கணவர் அங்கிளிடமும் சொல்லவில்லை.

"ஜீன் டெஸ்ட் எடுத்தா ரெக்கார்ட்ல ஏறிடும்," என்றார் அன்று சாயங்காலம். "நாளைக்கு நம்ம பொண்ணுக்கு வரன் பார்க்கணும். பரம்பரை வியாதின்னு நம்ம சர்க்கிள்ல தெரிஞ்சா என்ன ஆகும்?"

எங்கள் பெண் அப்போது ஹைஸ்கூலில் டிரைவிங் பெர்மிட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த வரன் எப்போது வரப்போகிறது என்று இவருக்குத் தெரியும். தன் சிறுநீரகம் ஏன் போனது என்று மட்டும் தெரியவேண்டாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏட்டுப் படிப்பு என்று என்னை ஒதுக்குகிற அதே மனிதர், அதே படிப்பைப் பார்த்துத்தான் தன் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள் என்பதை மறந்துவிட்டார்.

இந்த நாட்டு வழக்கம் ஒன்று எனக்குக் கைகொடுத்தது. உயிரோடு இருக்கும் ஒருவர் உறுப்பு தருவதாக இருந்தால், தருகிறவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதற்கென்றே ஒருவரை வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் அந்த அறைக்குள் வரக்கூடாது. புருஷனாக இருந்தாலும் சரி. வற்புறுத்துகிறார்களா, பயமுறுத்துகிறார்களா, மனமொப்பித்தான் தருகிறாயா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று தோன்றினால் அங்கேயே சொல்லிவிடலாம். ஏன் என்று குடும்பத்துக்குத் தெரியவராது.

எனக்கு வாய்த்தது ஒரு நடுவயது கறுப்பினப் பெண். கதவைச் சாத்திவிட்டு, டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நிறைய இந்திய மனைவிகளைப் பார்த்திருப்பார்போல. "உங்களை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "நான் தரத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் என் கணவர் உங்கள் டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறார்."

எல்லாவற்றையும் சொன்னேன். டயாலிசிஸில் போன அண்ணன், பள்ளி வயதுக் கல், தாய்மாமனைக் கட்டிக்கொண்ட மாமியார். எனக்குத் தோன்றும் வியாதியின் பெயரையும் சொன்னேன். தாய்மாமன் என்றதும் அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "மருத்துவக் குழுவிடம் இதைச் சொல்ல எனக்கு அனுமதி தருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் இத்தனை வருடம் பயந்த அந்த அமெரிக்க முகம் இவ்வளவுதான்.

அறுவைப் பேச்சு அன்றைக்கே நின்றது. அவரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் வீசினார்.

"என்னைக் காட்டிக் குடுத்துட்ட இல்ல?"

"ஆமா."

"எங்க குடும்ப மானத்த ஒரு நிமிஷத்துல..."

"என் கிட்னிங்க அது," என்றேன். "உங்க குடும்ப மானத்துக்காகக் கல்லாக்கறதுக்கு நான் தரல."

முடிவு வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைப்பேன், அவர் சத்தமாக எடுப்பார். மகள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் ஆங்கிலத்தில் தூது போனாள்.

முடிவு வந்தது. நான் சொன்னதுதான். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து அவருக்கு விளக்கினார். ஈரல், சின்ன அறை, பெரிய அறை, தப்பான வாசல். கிட்டத்தட்ட என் படம். டாக்டர் வரைந்ததை அவர் கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், சந்தேகம்கூடக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கு வந்திருக்கும் பிழை வைட்டமின் பி சிக்ஸுக்குக் கட்டுப்படும் வகை," என்றார் டாக்டர். அந்த வைட்டமின் இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் மடிப்பைக் கெட்டியாக்கும். மடிந்துவிட்டால் தப்பான வாசல் அதை இழுக்க முடியாது, சரியான அறைக்குப் போய்ச் சேரும். எல்லோருக்கும் இது கேட்காது, சிலருக்குக் கேட்கும். போதாவிட்டால் ஆக்ஸலேட் உண்டாவதையே குறைக்கும் ஊசி ஒன்றும் இப்போது இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸலேட் இறங்கட்டும், பிறகு சிறுநீரகம் வைக்கலாம், அது பிழைக்கும் என்றார். எந்த மருந்துக்கடைத் தட்டிலும் இருக்கிற வைட்டமின். டாக்டர் சொன்ன அளவில் அவர் சாப்பிட ஆரம்பித்தார். ஆக்ஸலேட் இறங்கியது.

எங்கள் மகளுக்குப் பயமில்லை என்றும் சொன்னார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் இந்த வியாதி, நான் அந்நியம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரை அவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன். டோல்வேயில் ஏறியதும் அவர் அழ ஆரம்பித்தார். "அண்ணனுக்கும் இது குடுத்திருந்தா," என்றார். ஆனாலும் என் கோபம் குறையவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த அண்ணனின் வியாதியை மூடி மறைக்காமல், பெரிய ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவரிடம், ரெண்டு பிள்ளைக்கும் சின்ன வயசிலிருந்து இப்படி என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால்?

"அண்ணிக்குச் சொல்லணும்," என்றேன்.

அண்ணி என்பது அந்த அண்ணனின் மனைவி. சிவகாசியில் தன் தம்பி வீட்டோடு இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் எங்கள் வீட்டில் அவரை அழைப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அவ வரமாட்டா," என்று மாமியார் முடித்துவிடுவார். நான் அவரோடு நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"அவங்களுக்கு எதுக்கு இப்போ? முடிஞ்சுபோன விஷயம்," என்றார்.

"அவங்க புருஷன் எதனால செத்தாருன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? நீங்க பேசுங்க. பேசினாத்தான் நான் ஆபரேஷன் டேபிள்ல ஏறுவேன்."

மிரட்டல்தான். மறுக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட மாமியார் வீடியோவில் வந்து, புருஷன் உயிரை வைத்துப் பேரம் பேசுகிறவள் என்றார். "அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லுவா. என் பேத்தி கல்யாணத்த நீ நினைச்சுப் பார்த்தியா?" என்றார். என் கணவர் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான், "சரி அத்தை, சிக்னல் சரியில்ல," என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

மறுநாள் காலை காபி முடிந்ததும் என் கணவர் அண்ணிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். அவர் குரல் கேட்டதும் அண்ணி பயந்துவிட்டார். "என்ன தம்பி, யாருக்கு என்ன?" யாராவது செத்தால்தான் இந்த வீட்டிலிருந்து தனக்கு போன் வரும் என்று பழகியிருந்த குரல்.

என் கணவர் திணறித் திணறிச் சொன்னார். தனக்கும் சிறுநீரகம் போய்விட்டது, இப்போதுதான் காரணம் தெரிந்தது, பிறவியிலேயே ஈரலில் இருந்த கோளாறு, அண்ணனுக்கும் நிச்சயம் இதேதான் இருந்திருக்கும்.

லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன்.

"அப்ப அந்த ஊர்த் தண்ணி இல்லையா தம்பி?"

"எந்த ஊர் அண்ணி?"

"எனக்கு முதுகுளத்தூர் பக்கம் போஸ்டிங் போட்டாங்கல்ல. பள்ளிக்கூடத்துல. நான் போறேன்னு அடம்பிடிச்சுதான அவரு என்கூட வந்தாரு. அங்க தண்ணி உப்புக் கரிக்கும். அதக் குடுத்துத்தான் அவரக் கொன்னேன்னு அத்தை சொன்னாங்க."

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இதுவும் தெரிந்திருந்தது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"தண்ணி இல்ல அண்ணி," என்றார். "உங்களக் கட்டறதுக்கு முன்னாடியே அண்ணனுக்குக் கல்லு இருந்துச்சு. ஸ்கூல் படிக்கறப்பவே."

"முன்னாடியேவா?" அண்ணியின் குரல் மாறியது. "அவருக்குக் காரியம் பண்ணுன அன்னிக்கு அத்தை ஒரு சொம்புத் தண்ணியக் கொண்டாந்து என் கையில குடுத்து, எம்புள்ளைக்குக் குடுத்த தண்ணிய நீயே குடிடின்னாங்க. சபையில நம்ம சொந்தக்காரங்க எல்லாரும் இருந்தாங்க. நீங்க அப்ப அமெரிக்கால இருந்தீங்க. நான் குடிச்சேன் தம்பி. மறுவாரமே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். பள்ளிக்கூடத்து வாசப்படி அப்புறம் மிதிக்கல."

நான் பலகையில் சாக்பீஸ் பிடித்து நிற்கும் நேரமெல்லாம் இந்தப் பெண் சிவகாசியில் தன் தம்பி வீட்டுச் சமையலறையில் நின்றிருக்கிறார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. இதை அத்தை வாயால ஒருதடவ சொல்லச் சொல்லுவீங்களா? சபையிலன்னு கேக்கல. எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு அண்ணி," என்றார் என் கணவர். "இப்பப் போய் அவங்களக் கஷ்டப்படுத்தி..."

நான் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அண்ணியின் லைனைத் துண்டிக்காமல் மாமியார் நம்பரையும் அதே காலில் சேர்த்தேன். மணி அடித்தது. அவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கையை உதறினேன்.

மாமியார் எடுத்தார். "சொல்லுப்பா, சாப்ட்டியா?"

"அத்தை," என்றார் அண்ணி. "நான்தான்."